டீசல் வாசம் வந்த தண்ணீர்

என் மகள் வயிற்றில் இருந்த முதல் சில மாதங்கள் மூக்கை வைத்துக்கொண்டு வாழ்வதே எனக்குப் பெரிய பாடாக இருந்தது. பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் எனக்கு இங்கே குமட்டும். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் தலைக்குத் தடவிய எண்ணெய், அலுவலகத்தில் யாரோ மதியம் பிரித்த சாம்பார் சாதம், மழையில் நனைந்த என் சொந்தக் குடை என்று எல்லாமே என்னைத் துரத்தின. அம்பகரத்தூரிலிருந்து அம்மா போன் பண்ணி, "எலுமிச்சம்பழம் ஒண்ணு கையிலயே வச்சுக்க, மோந்துகிட்டே இரு" என்றாள். ஹேண்ட்பேக்கில் எலுமிச்சம்பழத்தோடுதான் நான் வேலைக்குப் போய்வந்தேன்.

காரைக்கால் நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் பொதுக் கிணறுகளில் சில அப்போது என் பொறுப்பில் இருந்தன. நான் குடிநீர்ப் பிரிவில் இளநிலைப் பொறியாளர். கடலோர ஊரில் நிலத்தடி நீரைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆழமாகப் போனால் உப்பு வந்துவிடும். மழை மணலுக்குள் இறங்கி மேலாகத் தேங்கி நிற்கிற நல்ல தண்ணீரை அவசரப்படாமல் இறைக்க வேண்டும். அப்படி இறைக்கிற பழைய கிணறு ஒன்று ஊரின் ஓரத்தில், நெருக்கமான வீடுகள் உள்ள ஒரு தெருவின் முனையில் இருந்தது. பக்கத்தில் பம்ப் ஹவுஸ், அதற்குப் பின்னால் மேல்நிலைத் தொட்டி. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கும் அந்தத் தொட்டித் தண்ணீர்தான்.

காலையில் அங்கே போய் குளோரின் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாக மாறும். மழைக்காலம் முடிந்து தரை இன்னும் காயாத ஒரு காலையில் அப்படிப் பிடித்த குப்பியை முகத்தருகே கொண்டுபோனபோது டீசல் வாடை அடித்தது.

பம்ப் ஆபரேட்டர் அண்ணனைக் கூப்பிட்டேன். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், பொறுமைசாலி. குப்பியை வாங்கி நிதானமாக மோந்து பார்த்தார்.

"பிளீச்சிங் பவுடர் வாடதான் மேடம் வருது."

"டீசல் வரலையாண்ணே?"

"டீசலா?" அவர் தன் உள்ளங்கையை மோந்து பார்த்துக்கொண்டார். "காலையில ஜெனரேட்டரத் தொட்டேன். எங்கையிலேருந்து வருதோ என்னமோ."

இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வேறு குப்பியில் பிடித்தோம். எனக்கு மறுபடியும் வந்தது. அவருக்கு வரவில்லை. ஜெனரேட்டரைச் சுற்றிப் பார்த்தோம். சிமெண்டு மேடையில் ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "கோச்சுக்காதீங்க மேடம். எங்க வீட்ல பெரியவன் உண்டாயிருந்தப்ப அதுக்குச் சுடுசோறு வாடையே ஆவாது. நான் வாசல்ல ஒக்காந்துதான் சாப்புடுவேன். மசக்கையில அப்படித்தான் இருக்கும்."

அலுவலகத்திலும் அதையேதான் சொன்னார்கள். யாரும் கேலி செய்யவில்லை. அதிகாரி குப்பியை மோந்து பார்த்தார், இன்னும் இரண்டு பேரிடம் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு நாள் லீவு போட்டுட்டு நல்லா தூங்கும்மா" என்றார். எங்கள் ஆய்வகத்தில் உப்பு பார்ப்பார்கள், இரும்பு பார்ப்பார்கள், கிருமி பார்ப்பார்கள். டீசலைக் கண்டுபிடிக்கிற கருவி அங்கே கிடையாது. அந்த ஆய்வகத்தின் கணக்கில் அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் மின்துறையில் லைன்மேன். அதிகம் பேச மாட்டார். சமையலறைக் குழாயில் தண்ணீர் பிடித்து மோந்து பார்த்தார், வாயில் விட்டுத் துப்பிப் பார்த்தார்.

"எனக்கு வரல."

எனக்கே சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

"ஆனா ஒனக்கு வருதுல்ல" என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து விடியற்காலையில் எழுந்து, வரிச்சிக்குடியில் இருக்கும் அவருடைய அம்மா வீட்டுக்கு வண்டியில் போய் அங்கே அடிபம்பில் கேன் நிறையத் தண்ணீர் அடித்து முன்னால் வைத்துக்கொண்டு வந்தார். குடிக்க, சமைக்க, நான் வாய் கொப்பளிக்கக்கூட அந்தத் தண்ணீர்தான். மாமியார் கேனோடு ஒரு கட்டு முருங்கைக்கீரையையும் சேர்த்து அனுப்புவார். மருமகளுக்கு என்ன கோளாறு என்று அவரும் கேட்கவில்லை.

வீட்டில் ஒருவர் நம்பியதும் எனக்குத் தெம்பு வந்தது. கிணற்றை ஒட்டிய தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்பது என்று முடிவு செய்தேன்.

பலபேர் குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்கினார்கள். குழாய்த் தண்ணீர் சமையலுக்கும் குளிப்பதற்கும். "பிளீச்சிங் நாத்தம்தான் வருது" என்றார்கள். "சாக்கடை வாடை மாதிரி ஒரு நாள் வந்துச்சு" என்றார் ஒருவர். டீசல் என்று யாரும் சொல்லவில்லை. பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, அங்கே விழுந்து கலங்கி, காற்றுப் பட்டு இறங்கி வருகிறது. வரும் வழியிலேயே வாடை தேய்ந்துவிடும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அப்படியென்றால் தொட்டிக்குப் போகாமல் பம்ப்பிலிருந்து நேராகத் தண்ணீர் வாங்கும் வீட்டில்தான் கேட்க வேண்டும். அப்படி ஒரே ஒரு வீடு இருந்தது, பம்ப் ஹவுஸுக்கு அடுத்த வீடு.

வாசலில் ஐஸ் பெட்டி கழுவிக் கவிழ்த்துக் காயவைத்திருந்தது. அந்த வீட்டு அக்கா துறைமுகத்தில் மீன் எடுத்து ஊருக்குள் வீடு வீடாக விற்பவர். ஒரே மகள் நாகூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இவர் தனியாக இருந்தார். வியாபாரம் முடிந்து வந்து குளித்து, ஈரத்தலையோடு நின்றவரிடம் கேட்டேன்.

"தண்ணியில ஏதாவது வாடை வருதாக்கா?"

"இல்லைங்களே. வாசமெல்லாம் ஒண்ணும் வரலீங்களே."

தெரு முழுக்க எல்லோரும் வாடை என்றார்கள், நாற்றம் என்றார்கள். இவர் மட்டும் வாசம் என்றார். அது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

வெயிலில் வந்திருக்கிறேன் என்று உட்காரச் சொல்லி, பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தார். உதட்டருகே கொண்டுபோனேன். அதற்குமேல் முடியவில்லை. வெளியே ஓடி அவர் வீட்டுச் சாக்கடையோரம் வாந்தி எடுத்தேன். பின்னாலேயே வந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மீன்காரர் கை என்று நான் பயந்தேன். மஞ்சள் வாசம்தான் வந்தது.

"எத்தன மாசம்?"

"மூணு முடியப்போகுதுக்கா."

"வயித்துல புள்ளைய வச்சுகிட்டு இப்படி வெயில்ல அலையுறீங்களே."

நான் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் எடுக்க உள்ளே போனார். கதவு திறந்திருந்ததால் எனக்குத் தெரிந்தது. அவர் கை பானைப் பக்கம் போய் நின்றது. செம்பை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து, பக்கத்து வீட்டில் கேன் தண்ணீர் கேட்டு வாங்கிவந்து கொடுத்தார்.

முகம் கழுவி முடித்ததும் கேட்டேன். "ஒங்களுக்கும் வருதுல்லக்கா?"

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து தலைமுடியை விரல்களால் சிக்கெடுத்துக்கொண்டே இருந்தார்.

"அவரு போயி ஒரு வருசம் ஆவப்போவுது" என்று ஆரம்பித்தார். "மொதல்ல கிளிஞ்சல்மேட்டுலதான் இருந்தோம். சுனாமிக்கு அப்புறம் அலைச் சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் வராது. நாந்தான் அடம்புடிச்சு இங்க இழுத்தாந்தேன். அவரு விடியக்காலம் இங்கேருந்து வண்டில போயி போட்டுல ஏறுவாரு. வந்ததும் வராததுமா பானையில செம்ப வுட்டு மொண்டு குடிப்பாரு. எஞ்சினப் புடிச்ச கை. பானத் தண்ணி பூரா டீசல் வாசம் ஏறிடும். கையக் கழுவிட்டுத் தொட்டா கொறஞ்சா போயிடுவீங்கன்னு தெனம் சண்ட போடுவேன்."

"கடல்லயாக்கா...?"

"கடல்ல ஒண்ணும் ஆவல. இந்த வூட்லதான். நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிட்டாரு." சேலைத் தலைப்பால் கழுத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்த மழ விட்ட பொறவு ஒரு நாளு வியாபாரத்துக்குப் போயிட்டு வந்து தண்ணி மொண்டு வாயில வைக்கிறேன், அதே வாசம். வூட்ல நான் ஒருத்திதான். யாரு கைய வுட்டா பானையில? அப்படியே பானைய மடியில வச்சுகிட்டு ஒக்காந்துட்டேன். என்னைய லூசுன்னு நெனப்பீங்க. கொழாயிலேருந்துதான் வருதுன்னு மறுநாளே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன்கா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா நீங்கள்லாம் வந்து எடுத்துடுவீங்கல்ல."

நான் படித்தது தண்ணீரிலிருந்து எதையாவது எடுப்பதற்கு. எடுக்காதே என்று சொல்லும் ஒருவரை அதுவரை பார்த்ததில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு, "அது ஒடம்புக்குக் கெடுதல்க்கா. ஒங்களுக்கு மட்டும் இல்ல. தெரு முழுக்க இந்தத் தண்ணியிலதான் சோறு ஆக்குறாங்க, புள்ளைங்களுக்கு ஊத்துறாங்க" என்றேன். நான் ஏதோ கெஞ்சுவது போல எனக்கே கேட்டது.

அவர் எழுந்து உள்ளே போனார். பானையை இடுப்பில் தூக்கிவந்து வாசலில் நின்றார். ஒரே தடவையில் கவிழ்க்காமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சாக்கடையில் ஊற்றினார்.

மறுநாள் மீன் விற்று முடித்து நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அதிகாரி முன்னால் நின்று, "வருதுங்க. மழ வுட்டதிலேருந்து வருது. எனக்கு டீசல் தெரியும் சார். அதோடதான் நான் இத்தன வருசம் குடும்பம் நடத்துனேன்" என்றார். அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். "வெளி லேபுக்கு அனுப்பிடுவோம்மா. ஒருத்தருக்கு வந்தா உடம்பு. ரெண்டு பேருக்கு வந்தா தண்ணிதான்."

அந்தச் சோதனைக்குத் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் விளிம்புவரை நிரப்ப வேண்டும், காற்று நுழையக் கூடாது, சூடேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐஸுக்கு நான் எங்கெங்கோ போன் பண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா துறைமுகத்திலிருந்து ஒரு சாக்கு உடைத்த ஐஸ் கொண்டுவந்து இறக்கினார். புதுத் தெர்மாகோல் பெட்டியில் அடியில் ஐஸ் பரப்பி, பாட்டில்களைப் படுக்கவைத்து, இடைவெளியில் எல்லாம் தூள் ஐஸைத் தன் கையாலேயே திணித்தார். "வஞ்சிரம் வெளியூருக்குப் போறப்ப இப்படித்தான் போவும்" என்றார். பெட்டி அன்றே வண்டி ஏறியது.

முடிவு வந்த நாளில் அதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தண்ணீரில் டீசல் கலந்திருக்கிறது என்றார். அட்டெண்டரை அனுப்பி எனக்கு ஓர் இளநீர் வாங்கிவரச் சொன்னார். நான் அதைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கிணற்றின் வால்வைத் தானே மூடினார்.

என் மூக்கு ஜெயித்துவிட்டது என்று சந்தோஷப்படத் தோன்றவில்லை. வாடை தெரிவதற்கு முன்னாலும் அந்தத் தண்ணீரில் அது இருந்திருக்கும். பம்ப் ஹவுஸில் எத்தனையோ காலை நான் ஒரு வாய் குடித்து ருசி பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தார். மறுநாள் வேலைக்குப் போகாமல் என்னை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா கருவியை வயிற்றில் வைத்து அழுத்த, குழந்தையின் இதயம் குதிரை ஓடுவது போலக் கேட்டது. "நல்லா இருக்கு. இனிமே அந்தத் தண்ணி வேண்டாம், அவ்வளவுதான்" என்றார். வெளியே வந்து வண்டியை எடுக்கப் போன என் கணவர் எடுக்காமல், ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அந்த வாரத்திலேயே அக்காவையும் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். ஊசியைப் பார்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கெட்டதாக ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார்கள். அதிலும் ஒன்றுமில்லை.

தெருவுக்கு லாரியில் தண்ணீர் போனது. குடங்களோடு நின்றவர்கள் எங்களைத் திட்டினார்கள். திட்டு வாங்குவதில் பம்ப் ஆபரேட்டர் அண்ணனுக்குத்தான் பெரிய பங்கு. அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் மசக்கையைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் என்னை வெயிலில் நிற்கவிடாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு பின்னாலேயே நடந்தார்.

டீசல் எங்கிருந்து வருகிறது என்று தேடினோம். நிலத்துக்குள் தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து மெல்ல நகரும். கிணற்றைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, எந்தப் பக்கம் வாடை கூடுகிறது என்று பார்த்துக்கொண்டே போனோம். மேற்கே போகப் போகக் கூடியது. அங்கே ஒரு பழைய லாரி ஷெட், பூட்டிக் கிடந்தது. அதை நடத்தியவர் இறந்து, பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள். சிமெண்டுத் தரையை உடைத்தால் கீழே ஒரு டீசல் டேங்க். மழையில் நிலத்தடி நீர் மேலே ஏறியபோது அதிலிருந்து கசிந்தது தண்ணீரோடு கலந்து கிணற்றுக்கு வந்திருக்கிறது.

டேங்கைத் தூக்கிய நாள் கூட்டம் கூடிவிட்டது. கிரேன் அதை வெளியே இழுத்தபோது அடிப்பக்கம் துரு தின்று சல்லடையாக இருந்தது. கருப்பாக ஒழுகியது. அக்கா மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதுதானா?"

"இதுதாங்க்கா."

அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார். மண்ணில் இறக்கிவைத்த பிறகும் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "இந்தத் தகரத்துக்குத்தான் தெனம் பானப் பக்கத்துல சோறு எடுத்து வச்சுகிட்டு இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் என் தோளில் கை வைத்தார்.

"ஒண்ணு சொல்றேன் தங்கச்சி. அவரு மேல வர்றது டீசல் வாசம் மட்டும் இல்ல. உப்பு, வேர்வ, பீடி எல்லாம் சேந்துதான் அவரு. தண்ணியில வந்தது வெறும் டீசல்தான். மிச்சத்தையெல்லாம் நானா சேத்துகிட்டேன்." கூடையை மாற்றி இடுக்கிக்கொண்டு, "சங்கரா மீனு கேட்ட வூட்டுக்குப் போவணும், காத்துகிட்டு இருப்பாங்க" என்று கிளம்பிவிட்டார்.

டேங்கை எடுத்துவிட்டாலும் மண்ணில் ஊறிப்போனது உடனே போகாது. கெட்ட மண்ணைத் தோண்டி அள்ளினோம். ஷெட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு துளை போட்டு, தண்ணீருக்கு மேலே மிதந்த எண்ணெயை எடுத்தோம். கிணற்றையும் சும்மா விட முடியாது. இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கெட்டது வெளியே வரும். அதற்குப் பம்ப் ஹவுஸ் பக்கத்தில் உயரமாக ஒரு கோபுரம் வைத்தார்கள். தண்ணீரை உச்சிக்கு ஏற்றி மேலிருந்து சொரியவிடுவார்கள். உள்ளே அடைத்த பிளாஸ்டிக் வளையங்களில் பட்டு அது துளித்துளியாகச் சிதறும்போது கீழேயிருந்து பெரிய காற்றாடி காற்றை மேலே தள்ளும். வாடை காற்றோடு போகும். போகாமல் தங்குவதைப் பிடிக்க, அடுத்தாற்போல் கொட்டாங்கச்சிக் கரி நிரப்பிய இரண்டு பெரிய உருளைகள். "தண்ணிக்கு விசிறி விடுறோம் மேடம்" என்றார் ஆபரேட்டர் அண்ணன். தெருப் பிள்ளைகள் அந்தக் காற்றாடிச் சத்தத்தை விமானம் என்றார்கள்.

பல மாதம் அப்படிச் சுத்தம் செய்த தண்ணீரை யாருக்கும் கொடுக்காமல் வெளியே விட்டோம். சோதனைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தோம். எனக்கு வயிறு பெரிதானது. கோபுரத்து ஏணியில் கால் வைத்தாலே ஆபரேட்டர் அண்ணன், "மேடம், எறங்குங்க, நான் பாத்துச் சொல்றேன்" என்று ஓடிவருவார். நான் பிரசவ லீவில் போனபோது கரி உருளையிலிருந்து வரும் தண்ணீரில் இன்னும் துளி டீசல் இருந்தது.

மகள் பிறந்து வரிச்சிக்குடியில் மாமியார் வீட்டில் இருந்தேன். தாய்ப்பால் சரியாக ஊறவில்லை. குழந்தை அழும், நானும் சேர்ந்து அழுவேன். ஒரு நாள் காலை வாசலில் அக்காவின் குரல் கேட்டது. பஸ்ஸில் வந்திருந்தார். பையில் பால்சுறா. மாமியாரிடம் அனுமதி கேட்டுச் சமையலறைக்குள் போய், சுறாவை அவித்து உதிர்த்து, பூண்டும் சின்ன வெங்காயமும் நிறையப் போட்டுப் புட்டு செய்தார். "நல்லா சாப்புடு. பால் வரும். வராம எங்க போவும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்தார். பிறகு குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு அதன் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். சுறாவால் பால் வந்ததோ, அவர் வந்ததால் வந்ததோ, அந்த வாரம் ஊற ஆரம்பித்தது. அதற்குப் பிறகு இன்னும் பல தடவை வந்தார்.

லீவு முடிந்து நான் திரும்பியபோது சோதனை முடிவுகள் தொடர்ந்து சுத்தமாக வந்துகொண்டிருந்தன. குடிக்கலாம் என்று வெளி ஆய்வகம் எழுதிக் கொடுத்துவிட்டது. தெருவில்தான் யாரும் நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. போன தடவையும் நல்ல தண்ணீர் என்று சொன்னது நாங்கள்தானே. என் மூக்கும் இப்போது எல்லோர் மூக்கையும் போல ஆகிவிட்டது. மோந்து பார்த்தால் எனக்குத் தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது.

அதனால் ஒரு காலை தெருப் பெண்களைப் பம்ப் ஹவுஸுக்கு வரச்சொன்னோம். வாடை பார்ப்பதும் ஒரு சோதனைதான், அவர்களே பார்க்கட்டும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். நான் அக்கா வீட்டுக்குப் போய்த் தனியாகக் கேட்டேன். "நீங்க வரணும்னு இல்லக்கா. கஷ்டமா இருந்தா வேணாம்." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

புதுக் குழாயில் டம்ளரில் பிடித்துக் கொடுத்தேன். சுற்றியிருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். அவர் டம்ளரை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்கு மட்டும் தெரியும் என்பதால் நான் தரையைப் பார்த்தேன்.

"இல்ல" என்றார். "துளிகூட இல்ல."

டம்ளரில் இருந்ததை முழுவதும் குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "நல்லா இருக்குடி, குடி" என்றார். அந்தப் பெண் குடித்தாள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஆபரேட்டர் அண்ணன் டம்ளர் கழுவிக் கழுவிக் கொடுத்தார். மதியத்துக்குள் வால்வைத் திறந்துவிட்டோம். தெருக்குழாயில் முதலில் காற்று சீறி, பிறகு தண்ணீர் விழுந்தது. லாரிக்காகக் காத்திருந்த குடங்கள் குழாயடிக்கு இடம் மாறின.

எல்லோரும் கலைந்த பிறகு நான் கையெழுத்துப் போடவேண்டியதைப் போட்டுவிட்டு வண்டி சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா தன் வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"சாப்புட்டீங்களா?"

"வீட்டுக்குப் போய் சாப்பிடுறேங்க்கா."

"வூட்டுக்குப் போனா புள்ளையத்தான் தூக்குவீங்க. வாங்க உள்ள."

கோலா மீன் குழம்பும் சோறும். உலை புதுத் தண்ணீரில் வைத்திருந்தார். நான் தட்டில் கை வைத்ததும் அவர் எதிரில் உட்கார்ந்து முள் எடுத்து எடுத்து என் தட்டு ஓரத்தில் மீனை வைத்தார். கஷ்டமாக இருந்ததா என்று கேட்க நினைத்தேன். அவரே சொன்னார், பேச்சோடு பேச்சாக: "மோந்து பாக்குறப்ப மொதல்ல திக்குன்னுச்சு. அப்புறம் ஒங்க பொண்ணு நெனப்பு வந்துச்சு. அதுவும் இந்தத் தண்ணியத்தான குடிக்கப்போவுது."

இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மார்பு கனத்து, ரவிக்கை நனைய ஆரம்பித்தது. அவர் அதைக் கவனித்துவிட்டார். கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் தோளில் போட்டு, தட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"புள்ள அழுவுது போல. கெளம்புங்க."

கை கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தேன். அவர் வாசலில் நின்று, நான் தெரு திரும்பும்வரை, பார்த்துப் போங்க, மெதுவாப் போங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார்.